தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும் பேட்டரி

ஹார்லன் எங்கனுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. கேட்டுப் பாருங்கள், அவனே சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள் அவன் மனைவி ஆர்டிஸ். நாற்பது வருஷத்துக்கு மேல் அவனோடு குடும்பம் நடத்தியவள்; அவன் வாயைத் திறக்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அவள் வடக்கு டகோட்டாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அங்கே குளிர்காலத்தில் வாசற்படிக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை. அந்தப் பனியிலும் அவள் ஒரு பிள்ளையைக்கூடப் பள்ளத்தில் இறக்கியதில்லை. பின்சீட்டில் சண்டை போடுகிற பயல்களைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் போதும், பெட்டிப்பாம்பாய் அடங்குவான்கள். ஷெட்டில் பஸ் சூடாகும் வரை சிகரெட்டும் காப்பியும். அந்தச் சிகரெட்தான் பிற்பாடு நெஞ்சைத் தின்றது. அதற்கு அவள் யாரையும் குறை சொன்னதில்லை. தானே வாங்கி, தானே பற்ற வைத்து, தானே இழுத்தது.

ஹார்லன் பார்த்தது ஆலங்கட்டி மழை இன்சூரன்ஸ். வானத்திலிருந்து கல் விழும் என்று கோதுமைக்காரர்களை மிரட்டிக் கையெழுத்து வாங்கும் வேலை. வாய்தான் முதல். அந்த வாயை வைத்து நன்றாகவே பிழைத்தான், இல்லையென்று சொல்லக்கூடாது.

இரண்டு பேரும் வேலையை விட்டதும் வீட்டை விற்றுவிட்டு ஒரு கேரவன் வாங்கினார்கள். பஸ் நீளத்தில், சொந்த எஞ்சினோடு, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்தது. வாங்கிய அன்று ஆர்டிஸ் பழக்கதோஷத்தில் நேராக டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கில் கையும் வைத்துவிட்டாள்.

"கண்ணு, நீ அந்தப் பக்கம் வா," என்றான் ஹார்லன். "பொம்பளைய ஓட்ட விட்டுட்டு நான் பக்கத்துல உக்காந்திருந்தா ரோட்டுல போறவன் என்ன நெனப்பான்?"

அவள் எழுந்து அந்தப் பக்கம் போனாள். தன் வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே சிகரெட்டுக்கு அடுத்தபடி மடத்தனமான காரியம் அதுதான் என்பது அவள் அபிப்பிராயம். அன்றிலிருந்து அவன் ஓட்டினான். வளைவில் பிரேக்கைப் போட்டு, நேர்ரோட்டில் தூங்கி, பின்னால் எடுக்கும்போது இரண்டு குப்பைத்தொட்டியையும் ஒரு தபால்பெட்டியையும் சாய்த்து ஓட்டினான். கேட்டால் கண்ணாடி சரியில்லை என்பான்.

குளிர்காலம் வந்தால் வடக்கிலிருந்து எல்லாக் கிழங்களும் அரிசோனாப் பாலைவனத்துக்கு இறங்கிவிடும். இவர்களும் இறங்கினார்கள். டவுனுக்கு வெளியே, வறண்ட ஓடைக்கு இந்தப் பக்கம், கரண்ட் கம்பமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத பொட்டல். அங்கே கேரவன்களை நிறுத்திவிட்டு மார்ச் மாதம் வரை இருப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வட்டம் கூடும். அவரவர் நாற்காலி, அவரவர் பீர், அவரவர் சிப்ஸ் பொட்டலம். யாரும் யார் வீட்டுப் பெயரையும் கேட்பதில்லை. ஆனால் யார் எதில் கரண்ட் எடுக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பொட்டலில் இரண்டு கட்சி. வெயில் கட்சி, புகைக் கட்சி. சோலார் பேனல் விரித்து, பேட்டரியில் கரண்ட் சேர்த்து, இன்வெர்ட்டர் வைத்து வாழ்கிறவர்கள் வெயில் கட்சி, உயர்குடி. ஜெனரேட்டர் வைத்திருக்கிறவன் புகைக் கட்சி. அவனைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். புகைக் கட்சியில் மிச்சமிருந்தது கிளைட் முன்சி ஒருத்தன்தான். அவனை இங்கே சத்தம், அங்கே நாற்றம் என்று தள்ளித் தள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் கடைசியில் கொண்டுபோய் விட்டார்கள். அவனும் சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டே நாலு மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். வெட்கம் கெட்டவன்.

இந்த வெயில் கட்சியின் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் மேகம் மூடினால் போதும், திடீரென்று எல்லோருக்கும் டவுனில் சோப்பு வாங்க வேண்டியிருக்கும். கேரவனைக் கிளப்பிக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். எஞ்சின் ஓடினால் பேட்டரி ஏறும், அதுதான் சோப்பு. திரும்பி வந்ததும் வட்டத்தில் உட்கார்ந்து, "மேகமெல்லாம் என் பேனலை ஒண்ணும் பண்ணாது," என்பார்கள். ஒருத்தர் பொய்யை இன்னொருத்தர் கிண்டுவதில்லை, அது அங்கே மரியாதை.

ஹார்லன் மட்டும் சோப்பு வாங்கப் போனதில்லை. அவன் அந்தக் கட்சிக்குத் தலைவன் மாதிரி. இருந்த ஜெனரேட்டரைப் போன வருஷம் ஹைவே சந்தையில் யாருக்கோ தள்ளிவிட்டு, வட்டம் முழுவதுக்கும் பீர் வாங்கி ஊற்றினான். "இனிமே இந்த எங்கன் வீட்ல எஞ்சின் சத்தமே கேக்காது!" என்று டப்பாவைத் தூக்கிக் கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். ஆர்டிஸ் உள்ளே படுத்திருந்தாள், மூக்கில் குழாயோடு.

ஆமாம், அதற்குள் அவளுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது. கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி உயரத்துக்கு நின்று உஸ்ஸ், டொக் என்று நாள் முழுக்க ஓடும். அதிலிருந்து நீளக் குழாய் அவள் மூக்குக்கு. குழாய் நழுவாமல் இரண்டு கன்னத்திலும் வெள்ளை டேப் ஒட்டிக்கொள்வாள். மெஷின் நின்றால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டர் உண்டு, அது கொஞ்ச நேரத்துக்குத்தான். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் இன்வெர்ட்டரிலிருந்து. இன்வெர்ட்டர் ஹார்லனிடமிருந்து. அதுதான் சங்கடம்.

இன்வெர்ட்டரைச் சாப்பாட்டு மேஜையின் பெஞ்சுக்கு அடியில், பேட்டரிகளோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தான். அதன் விசிறி இரைகிறது என்று சுற்றிலும் ஒரு கம்பளியைத் திணித்துவைத்தான். ஒயர் பழைய ஸ்பீக்கர் ஒயரைவிடக் கொஞ்சம் தடி, அவ்வளவுதான். ஃப்யூஸ் இரண்டு தடவை போனது. மூன்றாவது தடவை அந்த இடத்தில் ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டான். "பாத்தியா, இப்ப போகவே போகாது!" என்றான். போகாதுதான். ஃப்யூஸின் வேலையே போவதுதானே? இதை அவனுக்கு யார் சொல்வது?

இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். அவன் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று செய்தான் பாருங்கள், அதுதான் உச்சம். கரண்ட் கம்பம் உள்ள இடத்தில் நிறுத்தினால் கம்பத்தில் சொருகுவதற்கென்று கேரவனுக்கு ஒரு தடித்த மஞ்சள் ஒயர் உண்டு. அதைச் சொருகினால் உள்ளே எல்லா பிளக்கிலும் கரண்ட் வரும், கூடவே உள்ளே இருக்கும் சார்ஜர் பேட்டரியையும் ஏற்றும். ஹார்லன் அந்த மஞ்சள் ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து தன் இன்வெர்ட்டரிலேயே சொருகிவிட்டான். எல்லா பிளக்கும் வேலை செய்தது. சார்ஜர் விளக்கும் பச்சையாக எரிந்தது. அதைப் பார்த்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று வட்டத்தில், "என் பேட்டரி தன்னைத்தானே ரொப்பிக்குது!" என்று அறிவித்தான். "கரண்ட் வெளிய போகுது, சுத்தி வருது, திரும்ப உள்ள ஏறுது. ஒரு சொட்டு வீணாகல."

வட்டம் வாயைப் பிளந்தது. கிளைட் மட்டும் விதையைத் துப்பிவிட்டுச் சொன்னான், "ஹார்லன், பேட்டரியிலேருந்து எடுத்து பேட்டரிக்கே ஊத்துறீங்க. ஊத்தும்போது பாதி சிந்துது. சார்ஜரை ஆஃப் பண்ணுங்க. இல்ல, அந்த மஞ்சள் ஒயரைப் புடுங்கிட்டு வீட்டம்மா மெஷினை நேரா அந்த இன்வெர்ட்டர் பொட்டியில சொருகுங்க."

"யோவ், உனக்கு என்னய்யா தெரியும்? புகை போடுற ஆளு நீ."

"நான் போன வண்டிய இப்படித்தான் எரிச்சேன்," என்றான் கிளைட், ஏதோ நேற்றுச் சாப்பிட்டதைச் சொல்வது மாதிரி. "ஒயர் சன்னம், ஃப்யூஸ் இல்ல, காத்து இல்ல. துணிமணிகூட மிஞ்சல. உங்க வீட்ல ஆக்சிஜன் வேற ஓடுது."

"வண்டிய எரிச்சவன்லாம் வாத்தியாரா வந்துட்டான்டா!" என்று ஹார்லன் தொடையில் தட்டிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் அவன் சொன்னதுதான் வேதம்.

திறந்த ஜன்னல் வழியாக ஆர்டிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். கிளைட்டையும் அவளுக்குப் பிடிக்காது, விதைத்தொலியைத் துப்புகிறவனை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அவன் சொன்னது அவள் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. அன்று ராத்திரி சொல்லிப் பார்த்தாள்.

"ஹார்லன், பெஞ்சுக்கு அடியில பிளாஸ்டிக் வாசம் வருது."

"புதுசுல, கண்ணு. அப்படித்தான் வரும்."

"அது வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அதுக்குத் தெரியுமா அது பழசுன்னு?" என்றான். இவனிடம் என்ன பேசுவது? அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் மழை பிடித்துக்கொண்டது. பாலைவனத்து மழை, வராது, வந்தால் போகாது. தரையில் விரித்திருந்த பேனல்கள் மேல் தண்ணீர் நின்றது. வெயில் கட்சி மொத்தமும் ஒவ்வொருத்தராகச் சோப்பு வாங்கப் போய்விட்டு வந்தது. ஹார்லன் அசையவில்லை. "என் பேட்டரிதான் தன்னைத்தானே ரொப்பிக்குதே!"

இரண்டாவது நாள் சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டதும் வட்டம் கூடியது. அப்போது பெஞ்சுக்கு அடியில் இன்வெர்ட்டர் கீ, கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீர்கிறது, கவனி என்று அது கத்தும். நல்ல சத்தம். வட்டம் வரைக்கும் கேட்டது.

"ஹார்லன், உன் வீட்ல ஏதோ குருவி கத்துது!" என்றாள் பாட்ஸி. வெயில் கட்சியிலேயே வாய்க்கொழுப்பு எடுத்தவள் அவள். "தன்னைத்தானே ரொப்பிக்கற குருவியா?"

வட்டம் குலுங்கிச் சிரித்தது. ஹார்லன் முகம் தக்காளி மாதிரி ஆனது. எழுந்து விறுவிறுவென்று உள்ளே வந்தான், பெஞ்சைத் தூக்கினான், எதையோ அணைத்தான், எதையோ போட்டான். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் நின்றது. மெஷின் எப்போதும்போல உஸ்ஸ், டொக் என்று ஓடியது.

"என்ன பண்ணின?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"சரி பண்ணிட்டேன், கண்ணு. இனிமே கத்தாது."

சும்மா சொல்லக்கூடாது, அவள் நம்பினாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நம்பினாள் பாருங்கள், அதை நினைத்தால் அவள்மேலேயே அவளுக்கு எரிச்சல் வரும். மறுநாள் காலையில் முகம் துடைத்துவிட்டு டேப்பைத் தேடினால் காணோம்.

"என் டேப் எங்க? கன்னத்துல ஒட்டறது. இங்கதான வெச்சேன்?"

"நீயே எங்கயாச்சும் வெச்சிருப்ப. இப்பல்லாம் உனக்கு ஞாபகமே இருக்க மாட்டேங்குது," என்றான் ஹார்லன் காப்பியைக் கலக்கிக்கொண்டே. அதையும் நம்பினாள். குழாயைக் காதில் மாட்டிச் சமாளித்துக்கொண்டு, தனக்குப் புத்தி கழன்றுகொண்டிருக்கிறதோ என்று நாள் பூராவும் யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

மழை இன்னும் விடவில்லை; நடுநடுவே வந்த கொஞ்ச வெளிச்சத்தில் பேட்டரி எப்படியோ இழுத்துக்கொண்டு கிடந்தது. சிலிண்டரை ரொப்பிவரச் சொன்னாள். டவுனுக்குப் போனால் சோப்புக்குப் போனதாகச் சொல்வார்களே என்று நாளைக்கு, நாளைக்கு என்றான். அடுத்த நாள் மத்தியானம் தூறல் நின்றது. நாலு மணிக்கு ஹார்லன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். அவர்கள் கேரவன் இருந்தது பள்ளத்தில். வழக்கமான இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததால் அன்று வட்டம் மேட்டுக்கு அப்பால். போன் சிக்னலும் அந்த மேட்டில்தான்.

ஆர்டிஸ் அரைத்தூக்கத்தில் இருந்தாள். எது எழுப்பியது என்று முதலில் தெரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, சத்தம் எழுப்பவில்லை, சத்தம் இல்லாததுதான் எழுப்பியது. உஸ்ஸும் இல்லை, டொக்கும் இல்லை. நிற்கும்போது மெஷின்கூட ஏதோ கூப்பிட்டிருக்கும், அது தூக்கத்தில் போயிருக்கும். மூக்கில் குழாய் இருந்தது, குழாயில் ஒன்றும் வரவில்லை.

பஸ்காரி பதறமாட்டாள். பதறினால் மூச்சு வாங்கும், வாங்கின மூச்சு திரும்பி வராது. மெல்ல எழுந்து உட்கார்ந்து, கட்டிலடியில் கையை விட்டுச் சிலிண்டரை இழுத்தாள். குழாயை மாற்றினாள், திறந்தாள். வந்தது. முள்ளைப் பார்த்தாள். சிவப்புக்கு ஒரு நகம் அளவு மேலே நின்றது.

கத்தலாம், இருக்கிற மூச்சுக்கு யாருக்குக் கேட்கும்? மேட்டுப்பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, அதில் ஹார்லன் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. நடக்கலாம், அந்த ஈர மணலில் மேடு ஏறுவதற்குள் அவள் கதை முடிந்துவிடும். கிளைட்டின் ஜெனரேட்டர் ஓடைக்கு அந்தப் பக்கம். அவனை அங்கே துரத்தியதும் இந்தச் சிரிப்புதான்.

சிலிண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேஜைவரை நகர்ந்தாள். பெஞ்சுப் பலகையைத் தூக்கினாள். முகத்தில் அனல் அடித்தது, அடுப்பைத் திறந்த மாதிரி. கம்பளியை உருவி எறிந்தாள். ஒரு மூலை பழுப்பாகிக் கருகியிருந்தது. ஒயரைத் தொட்டாள், மேல்தோல் மெழுகாக இளகி விரலோடு வந்தது. பக்கத்திலேயே தன் மூக்குக்குழாய் ஆக்சிஜனைக் கக்கிக்கொண்டிருக்கிறது, ஒரு பொறி பட்டால் போதும். குழாயை ஒரு கையால் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி காலி என்று அர்த்தம். அப்படியானால் இது கத்தியிருக்க வேண்டுமே? இத்தனை நேரம் கத்திக் கத்தித் தன்னை எழுப்பியிருக்க வேண்டுமே? குனிந்து பார்த்தாள்.

பெட்டியின் மேல்மூடியில் திருகாணிகள் பாதி முடுக்கியபடி இருந்தன. இடுக்கு வழியாக இரண்டு மெல்லிய ஒயர் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கீ, கீ என்று கத்துகிற மணிக்குப் போகும் ஒயர். சுத்தமாக நறுக்கி, ஒவ்வொரு முனையையும் அழகாக, பொறுமையாகச் சுற்றி ஒட்டியிருந்தான் மகராசன். வெள்ளை டேப்பால். அவள் கன்னத்து டேப்பால்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. இவ்வளவுதானா இவன் என்று தோன்றியது. பாட்ஸி குருவி என்று சிரித்தாள், அதற்காக இந்த ஆள் தன் பெண்டாட்டியின் மூச்சு நிற்கப்போகிறது என்று கத்துகிற வாயைக் கட்டிப்போட்டான். கட்டுவதற்கு டேப் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டான். கேட்டதற்கு, உனக்கு ஞாபகம் போய்விட்டது என்றான். சீ!

ஒரு முனையில் கத்தரிக்காமல் தொங்கவிட்டிருந்த மிச்ச டேப் சுருளை ஒயர் முனையோடு பிய்த்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் கிளைட் சொன்னதைச் செய்தாள். மஞ்சள் ஒயரைப் பிடுங்கினாள், சுற்றி ஜன்னல் வழியாக வெளியே தள்ளினாள். அது பொத்தென்று மணலில் விழுந்தது. மெஷினின் பிளக்கை உருவி நேராக அந்தப் பெட்டியில் சொருகினாள். இனி கரண்ட் வேண்டும். வண்டி ஓடும்போதெல்லாம் மெஷின் நிற்காமல் ஓடியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் போனவளுக்கு அவ்வளவு ஞாபகம் இருந்தது. ஊரே அதற்குச் சோப்பு என்று பெயர் வைத்திருக்கிறதே!

டிரைவர் சீட்டுவரை போவதற்குள் இரண்டு தடவை நின்றாள். உட்கார்ந்தாள். சீட்டை ஹார்லன் பின்னால் தள்ளி வைத்திருந்தான், சோம்பேறி மாதிரி சாய்ந்து ஓட்டுகிறவன். முன்னால் இழுத்துக்கொண்டாள். சாவி அதன் இடத்திலேயே இருந்தது. திருகினாள். எஞ்சின் ஒரு உறுமு உறுமி எழுந்தது. இந்த எங்கன் வீட்டில் எஞ்சின் சத்தம் கேட்காது என்றானே, கேட்கட்டும்.

சிலிண்டர் முள் சிவப்புக்குள் இறங்கியது. அவள் மூச்சைச் சின்னச் சின்னதாக நறுக்கி இழுத்தாள், கஞ்சத்தனமாக. திரும்பிப் பெஞ்சுக்குப் போய் இன்வெர்ட்டர் சுவிட்சை அணைத்துப் போட்டாள். சிவப்பு. காத்திருந்தாள். ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை உறும விட யாரும் இல்லை, அது தன் போக்கில் மெதுவாக ஓடியது. மறுபடி அணைத்துப் போட்டாள். சிவப்பு. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. இப்படியா, இந்த மடையன் கையாலா என்று நினைத்தாள். மூன்றாவது தடவை போட்டதும் விளக்கு பச்சையானது. கட்டில் பக்கம் மெஷின் ஒரு பீப் போட்டு, தொண்டையைக் கனைத்து, உஸ்ஸ் என்றது. டொக்.

நீளக்குழாயை எடுத்து மூக்கில் மாட்டினாள். அப்படியே பெஞ்சில் சாய்ந்து கொஞ்ச நேரம் காற்றைக் குடித்தாள்.

இங்கேயே எஞ்சினை ஓட விட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஹார்லன் வருவான். அவளுக்கு அது கண்ணால் கண்ட மாதிரித் தெரிந்தது. மேட்டிலிருந்து ஓடி வருவான், "கண்ணு, எல்லாரும் பாக்கறாங்க," என்பான், தன் கையாலேயே சாவியைத் திருகி அணைப்பான். அப்புறம் சரி பண்ணுகிறேன் என்பான்.

குழாய் டிரைவர் சீட்டுவரை எட்டியது. பிரேக்கை எடுத்தாள். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்க்காமல் கிளம்பியது அவள் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். அதனால்தான் தரையில் விரித்த பேனல்களின் ஒயர் பின் ஏணியில் கட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள். நீங்கள் நம்பவேண்டும் என்று கட்டாயமில்லை.

சக்கரம் கட்டைகளைவிட்டு இறங்கியது. வண்டி குலுங்கிப் பள்ளத்தைவிட்டு ஏறியது. பின்னால் மஞ்சள் ஒயர் ஒரு வால், பேனல்கள் இன்னொரு வால், தடதட, சலங் சலங் என்று கல்லில் அடித்துக்கொண்டு கூடவே வந்தன. மேடு தாண்டினாள். வட்டம் எதிரே இருந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. பாட்ஸியின் கையில் சிப்ஸ் பாதி வழியில் நின்றது. கிளைட் விதையைத் துப்ப மறந்தான்.

ஹார்லன் நாற்காலி கவிழ எழுந்தான். பொண்டாட்டி மூக்கில் குழாயோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி ஓடுகிறது. ஏன், என்ன ஆயிற்று, நீ எப்படி இருக்கிறாய்? ஆயிரம் கேள்வி இருக்கிறது கேட்பதற்கு. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கத்தினான்.

"பேனல்! பேனல்! ஆர்டிஸ், என் பேனல்!"

அவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள். பின்சீட்டுப் பயல்களைப் பார்க்கிற அதே பார்வை. அப்புறம் கியரை மாற்றினாள்.

டவுனில் கரண்ட் கம்பத்தோடு நிறுத்துமிடம் ஒன்று உண்டு. வெயில் கட்சி அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கும். காசு கொடுத்துக் கரண்ட் வாங்குகிற கோழைகள் இருக்கும் இடம். ஆர்டிஸ் நேராக உள்ளே போய், கொடுத்த இடத்தில், ஒரே தடவையில், பின்னால் எடுத்து, கோடு போட்டமாதிரி நிறுத்தினாள். அங்கே இருந்த ஆள் வந்து மண்ணில் புரண்ட மஞ்சள் ஒயரைத் துடைத்துக் கம்பத்தில் சொருகிக் கொடுத்தான். இன்வெர்ட்டரை அணைக்கச் சொல்லி, பேட்டரியிலிருந்து அதன் ஒயரையும் கழற்றச் சொன்னாள். அவன் போல்ட்டைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதைப் பண்ணது?" என்றான். மெஷினைச் சுவர் பிளக்கில் மாட்டினாள். உஸ்ஸ், டொக்.

பொழுது சாய்வதற்குள் கிளைட்டின் பிக்கப் வந்து நின்றது. அதிலிருந்து ஹார்லன் இறங்கினான், மடக்கிய நாற்காலி ஒரு கையில், கண்ணாடி நொறுங்கிய பேனல் ஒன்று இன்னொரு கக்கத்தில். ஆர்டிஸ் கதவைத் திறந்து படியில் நின்றாள். கிளைட் எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

ஹார்லன் அண்ணாந்து பார்த்தான். எட்டிப் பெஞ்சுப் பக்கம் கண்ணை ஓட்டினான். தொண்டையைச் சரி செய்துகொண்டான்.

"மஞ்சள் ஒயரைப் புடுங்கிட்டு நேரா சொருகினியா, கண்ணு? கெட்டிக்காரி. அதைத்தான் நானும் அடுத்து பண்ணலாம்னு இருந்தேன்."

அவள் சட்டைப் பையில் கையை விட்டாள். எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள், வெள்ளைச் சுருளும் அதில் ஒட்டிய ஒயர் துண்டும்.

"ஹார்லன், என் டேப் கெடச்சிருச்சு."

அவன் வாய் திறந்தது. அந்த வாயில் எந்த நேரத்திலும் ஒரு பதில் இருக்கும், இத்தனை வருஷமாக அவள் பார்த்திருக்கிறாள். இப்போது அது திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் கிளைட்டும் அந்தத் துண்டைப் பார்த்தான், பிறகு தன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டான்.

ஆர்டிஸ் டேப்பிலிருந்து ஒயர் துண்டைப் பிய்த்து ஹார்லன் கையில் வைத்தாள். சுருளில் மிச்சமிருந்ததைப் பிரித்து ஒரு துண்டு கிள்ளி, குழாயைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.